வலிப்பு ஆபரேஷனும் பிள்ளையின் பார்வையும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழந்தைகள் நரம்பியல் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வலிப்பு உள்ள பிள்ளைக்கு மூளையில் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும், பெற்ற தாய் கேட்கிற முதல் கேள்வி "பிள்ளை பிழைச்சு வருமா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "கை கால் விளங்குமா, பேச்சு வருமா?" மூன்றாவதாகத்தான் "கண்ணு தெரியுமா?" என்று கேட்கிறார்கள். பல பேர் அதைக் கேட்பதே இல்லை. வேறு சிலர், பக்கத்து வீட்டில் யாரோ "கண்ணு போயிடும்" என்று சொன்னதைக் கேட்டுப் பயந்து, ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்து விடுகிறார்கள். கேட்காமல் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வதும் தப்பு, பயந்து ஓடுவதும் தப்பு. எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

எல்லாப் பிள்ளைக்கும் ஆபரேஷன் இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். வலிப்பு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி, உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான வைத்தியம் கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரைக்கும் வலிப்பே இல்லாமல் வாழலாம். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தால் போதும்.

மீதிப் பேருக்குத்தான் சிக்கல். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை, சரியான அளவில், விடாமல் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறோம். உலக வலிப்பு நோய் மருத்துவர்களின் அமைப்பு 2010ஆம் ஆண்டிலேயே இப்படி வரையறுத்துச் சொல்லி விட்டது. ஆகவே நாலு மருந்து, ஆறு மருந்து என்று மாற்றி மாற்றிப் பார்த்துப் பத்து வருஷத்தை ஓட்ட வேண்டியதில்லை. இரண்டு மருந்து கேட்கவில்லை என்றாலே, "ஆபரேஷனுக்கு வழி இருக்கா, பாருங்க டாக்டர்" என்று கேட்கலாம்.

எல்லா வலிப்பும் ஆபரேஷனுக்கு அடங்காது. மூளையில் ஒரே ஒரு இடத்திலிருந்து வலிப்பு கிளம்ப வேண்டும். பிறவியிலேயே அந்த இடம் சரியாக அமையாமல் இருக்கலாம். மெதுவாக வளரும் சின்னக் கட்டி இருக்கலாம். பழைய தழும்பு இருக்கலாம். அந்த இடத்தை எடுத்து விட்டால் வலிப்பு நின்று போக நல்ல வாய்ப்பு உண்டு.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 116 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2017இல் அது வெளியானது. 57 பிள்ளைகளுக்கு ஆபரேஷன், 59 பிள்ளைகளுக்கு மருந்து மட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆபரேஷன் பிரிவில் 100க்கு 77 பேருக்கு வலிப்பு இல்லை. மருந்துப் பிரிவில் 100க்கு 7 பேர்தான் அப்படி இருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆபரேஷன் பிரிவில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குக் கை கால் பலவீனம், பேச்சுத் தடை போன்ற ஏதாவது ஒரு பெரிய பாதிப்பு வந்தது. எடுத்த இடத்தைப் பொறுத்து இவற்றில் பலவற்றை டாக்டர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார்கள். லாபம் பெரிசு, ஆனால் விலையும் உண்டு. அந்த விலையை எப்படிக் குறைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

இது ஏதோ நேற்று வந்த வெளிநாட்டு வைத்தியம் என்றும் நினைக்காதீர்கள். டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952இல் அங்கேயே நம் நாட்டின் முதல் வலிப்பு ஆபரேஷனைச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் 1995 முதல் இதற்கென்று தனித் திட்டமே நடக்கிறது.

பார்வை கண்ணில் மட்டும் இல்லை

மூளையில் செய்கிற ஆபரேஷனுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் யோசிப்பது எனக்குத் தெரிகிறது.

கண் படம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் புரிந்துகொள்வது மூளை. அதுவும் மூளையின் பின் பக்கம். பின்னந்தலையில் கை வைத்துப் பாருங்கள். அங்கேதான் பார்வை முடிகிறது. முன்னால் இருக்கிற கண்ணிலிருந்து பின்னந்தலை வரைக்கும் நரம்பு இழைகள் கத்தை கத்தையாக ஓடுகின்றன. அந்தப் பாதையில் எங்கே வெட்டு விழுந்தாலும் பார்வையில் ஒரு பகுதி போகும், கண் இரண்டும் நல்லாவே இருந்தாலும் கூட.

இன்னொரு விஷயம். வலது பக்க மூளை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இடது பக்கத்துக் காட்சியைப் பார்க்கிறது. இடது பக்க மூளை வலது பக்கத்துக் காட்சியைப் பார்க்கிறது. அதனால் மூளையில் இந்தப் பாதை அடிபட்டால், "வலது கண் போச்சு, இடது கண் இருக்கு" என்று ஆகாது. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மறைந்து போகும். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாலும் அதே பக்கம்தான் தெரியாது.

வலிப்பு அதிகமாகக் கிளம்புகிற இடங்களில் ஒன்று, காதுக்கு உள்பக்கமாக இருக்கிற நெற்றிப்பொட்டுப் பகுதி மூளை. பார்வைப் பாதையின் ஒரு பங்கு நேராகப் பின்னால் போகாமல், முதலில் முன்பக்கமாக இந்தப் பகுதிக்குள் வந்து, வளைந்து திரும்பித்தான் பின்னால் போகிறது. கொண்டை ஊசி வளைவு என்று மலைப்பாதையில் சொல்வோமே, அதே மாதிரி. 1907இல் அடால்ப் மேயர் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதியதால் மேயர் வளைவு என்றே பெயர். நம் பார்வையின் மேல் பாதியைக் கொண்டு போகிற இழைகள் இந்த வளைவில்தான் இருக்கின்றன. இடது பக்கம் ஆபரேஷன் செய்யும்போது இந்த வளைவு அறுபட்டால், வலது பக்கம் மேல் மூலை தெரியாமல் போகும். வலது பக்கம் என்றால் இடது மேல் மூலை.

முழுக்குருடு ஆகி விடுவதில்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள். கனடாவில் பெரியவர்களிடம் செய்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷன் பிரிவில் 100க்கு 55 பேருக்கு மேல் மூலைப் பார்வையில் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் அது அவர்களுக்கு ஒரு தொந்தரவாகவே தெரியவில்லை. சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆனால் வெட்டு கொஞ்சம் ஆழமாகப் போனால், மூலை பெரிதாகி, நாளைக்கு அந்தப் பிள்ளை வண்டி ஓட்டவோ, கூட்டமான தெருவில் நடக்கவோ சிரமப்படும் அளவுக்குப் போகலாம். பின்னந்தலையிலேயே ஆபரேஷன் என்றால் ஒரு பக்கத்துப் பார்வை முழுதும் போகலாம்.

குழாய் எங்கே போகுதுன்னு தெரியாம ஜே.சி.பி. விடலாமா?

அந்த வளைவைத் தவிர்த்து வெட்டினால் போச்சு என்று தோன்றும். கஷ்டம் என்னவென்றால், அது ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் இருக்கிறது. 1988இல் இரண்டு மருத்துவர்கள் இறந்தவர்களின் மூளையைப் பிரித்து அளந்து பார்த்தார்கள். நெற்றிப்பொட்டுப் பகுதியின் முன் நுனியிலிருந்து இந்த வளைவு சிலருக்கு 22 மில்லிமீட்டரில் இருந்தது, சிலருக்கு 37 மில்லிமீட்டரில் இருந்தது. 15 மில்லிமீட்டர் வித்தியாசம். நம் கட்டை விரல் அகலம் இருக்குமா? மூளைக்குள் கட்டை விரல் அகலம் என்பது பெரிய தூரம். போதாக்குறைக்கு, ஆபரேஷன் செய்கிறவர் கண்ணுக்கு இந்த இழைகள் தனியாகத் தெரியாது. சுற்றியிருக்கிற வெள்ளைப் பகுதியோடு சேர்ந்து ஒரே மாதிரிதான் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பக்கம் கழிவறைக் குழி தோண்ட ஜே.சி.பி. வருகிறது என்று வச்சுக்குங்க. மண்ணுக்குள்ளே பஞ்சாயத்துக் குடிநீர்க் குழாய் எங்கே போகுதுன்னு மேலே இருந்து பார்த்தால் தெரியுமா? டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதானே தோண்டச் சொல்வோம்? மூளைக்குள்ளே அந்த வேலையைச் செய்வதுதான் நான் சொல்ல வந்த ஸ்கேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைக் காட்டும். கட்டி இருக்கிறதா, தழும்பு இருக்கிறதா என்று காட்டும். பாதையைத் தனியாகக் காட்டாது. அதே மிஷினில் இன்னொரு வகையாகவும் படம் எடுக்கலாம். அது மூளைக்குள் இருக்கிற தண்ணீர் எந்தத் திசையில் அசைகிறது என்று பார்க்கிறது.

கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீர் வாய்க்கால் போகிற திசையில் சரசரவென்று ஓடும். வரப்பைத் தாண்டிப் பக்கவாட்டில் போகாது. உயரத்தில் நின்று தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்தாலே வாய்க்கால் எப்படிப் போகிறது என்று சொல்லி விடலாம் இல்லையா? நரம்பு இழையும் அப்படித்தான். இழை போகிற நீளவாக்கில் தண்ணீர் சுலபமாக அசையும், குறுக்கே அசையாது. 1994இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் பாசரும் அவருடன் இருந்தவர்களும் இந்த அசைவின் திசையை அளக்க வழி கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு, புள்ளி புள்ளியாகக் கிடைத்த திசைகளைக் கம்ப்யூட்டர் மூலம் கோர்த்து, முழுப் பாதையையும் வரைகிற முறை வந்தது. பூக்கட்டுகிற மாதிரி ஒன்றோடு ஒன்று சேர்த்துக்கொண்டே போனால் மேயர் வளைவு படத்தில் வந்து நிற்கும். அது உங்கள் பிள்ளையின் சொந்த வளைவு. புத்தகத்தில் இருக்கிற பொதுப்படம் இல்லை.

இதனால் என்ன பலன்?

லண்டனில் குவீன் ஸ்கொயர் என்ற இடத்தில் உள்ள தேசிய நரம்பியல் மருத்துவமனையில் பெரியவர்களிடம் இதைச் செய்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே பார்வைப் பாதையைப் படமாக வரைந்து, ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர் பார்க்கிற மைக்ராஸ்கோப்பிலேயே அந்தப் பாதை தெரியும்படி வைத்தார்கள். ஆபரேஷன் அறையிலேயே எம்.ஆர்.ஐ. மிஷினும் இருந்தது. மண்டையைத் திறந்ததும் மூளை இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகரும். அதனால் நடுவில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாதையைத் திருத்திக்கொண்டார்கள். அப்படிச் செய்த 21 பேரில் ஒருவருக்குக்கூட, கார் ஓட்டும் தகுதியை இழக்கும் அளவுக்குப் பார்வை குறையவில்லை.

குழந்தைகளிடமும் இந்த வேலை நடக்கிறது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலும், அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்திலுள்ள மிச்சிகன் குழந்தைகள் மருத்துவமனையிலும் இதில் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். டெட்ராய்டில் கை கால் அசைவு, பேச்சு, பார்வை மூன்றின் பாதைகளையும் தானாகவே அடையாளம் காணக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம் நாட்டிலும் பெரிய வலிப்பு ஆபரேஷன் மையங்களில் இந்த வகை ஸ்கேன் எடுக்கிறார்கள்.

படத்தால் முடியாததும் உண்டு

இவ்வளவு சொன்ன பிறகு, "ஸ்கேன் எடுத்தாச்சு, இனி பயமே இல்லை" என்று யாரும் நினைத்து விடக்கூடாது. அது போட்டோ இல்லை, கணக்குப் போட்டு வரைந்த படம். கொண்டை ஊசி வளைவு மாதிரி சட்டென்று திரும்புகிற இடத்தில் கணக்கு தடுமாறும். நிஜமான வளைவு படத்தில் காட்டுவதை விடக் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம். அதனால் நல்ல டாக்டர் படத்தின் ஓரத்தையே எல்லையாக வைக்காமல் சில மில்லிமீட்டர் தள்ளியே நிற்பார்.

இன்னொன்று, வலிப்பு கிளம்புகிற இடமே பார்வைப் பாதையாகவோ பின்னந்தலைப் பார்வைப் பகுதியாகவோ இருந்து விட்டால், இரண்டையும் காப்பாற்ற முடியாது. சில பிள்ளைகளுக்கு ஒரு பக்க மூளையையே துண்டித்து விட வேண்டியிருக்கும். அப்போது ஒரு பக்கத்துப் பார்வை கட்டாயம் போகும். அங்கே ஸ்கேனின் வேலை காப்பாற்றுவதல்ல, உண்மையை முன்கூட்டியே சொல்வது. சில பிள்ளைகளுக்குப் பிறக்கும் சமயத்தில் மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அந்தப் பக்கத்துப் பார்வை எப்போதோ போயிருக்கும், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியானால் ஆபரேஷனால் புதிதாக இழக்க ஒன்றும் இல்லை. இது தெரிந்தால் தாய் தகப்பன் முடிவெடுப்பது எவ்வளவு சுலபம், பாருங்கள்.

ஒரு பக்க மூளை இல்லாமலும் பிள்ளைகள் தேறி வருகிறார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர், சிறு வயதில் ஒரு பக்க மூளை ஆபரேஷன் ஆனவர்களுக்கு முகங்களையும் சொற்களையும் காட்டிச் சோதித்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில், அவர்கள் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். இழந்த பக்கம் திரும்பி வரவில்லை. ஆனால் இருக்கிற பக்கத்தை வைத்தே படிக்கவும் ஆளை அடையாளம் காணவும் மூளை கற்றுக்கொண்டது.

பிள்ளை சொல்லாது, நாமதான் பார்க்கணும்

பெரியவர்களுக்குப் பார்வையில் ஒரு மூலை மறைந்தால், அவர்களைக் கேட்டுச் சோதித்து விடலாம். சின்னப் பிள்ளைக்குத் தனக்கு ஒரு பக்கம் தெரியவில்லை என்றே தெரியாது. அது இருட்டாகத் தெரிவதில்லை, இல்லாமலே போய் விடும். நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்கு இருட்டாகவா தெரிகிறது? அது மாதிரி.

கண் ஆஸ்பத்திரியில் கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்க்கச் சொல்லி, சின்ன விளக்கு தெரியும்போது பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். இதுதான் பார்வைப் பரப்புச் சோதனை. சின்னப் பிள்ளைகளால் இதைச் செய்ய முடியாது. அவர்களுக்குப் பொம்மையைப் பக்கவாட்டிலிருந்து கொண்டு வந்து, எப்போது திரும்பிப் பார்க்கிறது என்று சோதிப்பார்கள். எந்த முறையானாலும் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை கட்டாயம் செய்ய வேண்டும். முன்னால் செய்யா விட்டால், பின்னால் வந்த குறை ஆபரேஷனால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை: ஒரே பக்கமாகக் கதவு நிலையில், கட்டில் காலில் இடித்துக்கொள்வது. ஒரு பக்கத்திலிருந்து யாராவது வந்தால் மட்டும் திடுக்கிடுவது. படிக்கும்போது வரியின் ஆரம்பத்தையோ முடிவையோ விட்டு விடுவது. எப்போதும் தலையை ஒரே பக்கமாகத் திருப்பிப் பார்ப்பது.

ஸ்கேனுக்குப் போகிற நாள்

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். பிள்ளையின் கொலுசு, வளையல், தோடு, தலை ஊசி, சட்டையில் குத்தின ஊக்கு, அரைஞாண் கயிற்றில் கட்டின தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி விட்டு வாருங்கள். தாயத்தைக் கழற்ற மனசு வராது, தெரியும். சுருக்குப் பையில் போட்டு உங்கள் கையில் கொடுத்து வெளியே உட்காரும் பாட்டியிடம் கொடுங்கள், ஸ்கேன் முடிந்ததும் கட்டிக்கொள்ளலாம். உடம்புக்குள் கம்பி, பிளேட், வேறு ஏதாவது கருவி வைத்திருந்தால் முதலிலேயே சொல்லி விட வேண்டும்.

உள்ளே தகரத்தில் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். பிள்ளை அரை மணிக்கும் மேல் ஆடாமல் படுத்திருக்க வேண்டும். அசைந்தால் பாதை சரியாக விழாது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். எத்தனை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, பால், தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று கேட்டு அதன்படி நடங்கள். ஆனால் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "காலை மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொடுக்கலாமா?" என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் குழுவின் ஊக்குநரிடமோ கணக்கரிடமோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

1. என் பிள்ளைக்கு எடுக்கப்போகிற இடம் பார்வைப் பாதைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?

2. அந்தப் பாதையைக் காட்டுகிற ஸ்கேன் எடுப்பீர்களா? ஆபரேஷன் செய்யும்போது அந்தப் படத்தைப் பயன்படுத்துவீர்களா?

3. பார்வையில் குறை வந்தால், எந்தப் பக்கம், எவ்வளவு வரலாம்?

4. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பார்வைப் பரப்புச் சோதனை எப்போது?

5. ஆபரேஷனே செய்யாமல் விட்டால் என் பிள்ளைக்கு என்ன ஆகும்?

ஐந்தாவது கேள்வியை மறக்காதீர்கள். ஆபரேஷனில் மட்டும் ஆபத்து இருப்பதாக நினைக்கிறோம். அடங்காத வலிப்பும் ஆபத்துதான். அடுப்பில், கிணற்றடியில், குளத்தில் வலிப்பு வந்தால் உயிரே போகலாம். தினம் வருகிற வலிப்பு பிள்ளையின் படிப்பையும் புத்தியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று விடும். ஒரு மூலைப் பார்வை ஒரு தட்டில், இது இன்னொரு தட்டில். இரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவெடுப்பது உங்கள் உரிமை. நிறுத்துப் பார்க்க உண்மை தெரிய வேண்டும். கேட்டால்தான் தெரியும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

*கண்ணாடி போட்டால் அந்தப் பக்கம் திரும்பத் தெரியுமா?*

தெரியாதுங்க. குறை கண்ணில் இல்லை, பாதையில் இருக்கிறது. ஆனால் தலையைத் திருப்பி, கண்ணை ஓட்டிப் பார்க்கப் பழக்கலாம். இடது பக்கம் தெரியாத பிள்ளையை வகுப்பில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அப்போது கரும்பலகையும் டீச்சரும் வலது பக்கம் வந்து விடுவார்கள். வலது பக்கம் தெரியாவிட்டால் வலது ஓரத்தில். டீச்சரிடம் போய் நீங்களே சொல்லுங்கள், இல்லை என்றால் "கவனிக்காத பிள்ளை" என்று பெயர் வந்து விடும்.

*ஸ்கேன் ரெண்டு மூணு தடவை எடுத்தா பிள்ளைக்குக் கெடுதலா?*

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம்தான். அந்தப் பயம் வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பதற்கு மட்டும் உரிய கவனம் வேண்டும். அதை மயக்க மருந்து டாக்டர் பார்த்துக்கொள்வார்.

*எங்க ஊர்ப் பக்கத்துல ஏற்கனவே எம்.ஆர்.ஐ. எடுத்துட்டோம். பெரியாஸ்பத்திரியில மறுபடி எடுக்கச் சொல்றாங்க. காசு பிடுங்கறதுக்கா?*

அப்படி நினைக்காதீங்க. முதலில் எடுத்தது வடிவம் பார்க்கிற படம். ஆபரேஷனுக்கு இன்னும் நுணுக்கமான படமும், பாதை வரைகிற படமும் வேண்டும். அதைக் கணக்குப் போட்டு வரையப் பழகினவர்களும் வேண்டும். பழைய படத்தையும் கையோடு கொண்டு போங்கள். செலவைப் பற்றி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே விசாரியுங்கள். எது அடங்கும், எது அடங்காது என்று தெரிந்த பிறகு கடன் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். முதல் வழிகாட்டலுக்கு 104 எண்ணில் பேசலாம்.

*பிள்ளை சின்னது. வளர்ந்த பிறகு ஆபரேஷன் செஞ்சுக்கலாமா?*

ஆபரேஷனுக்கு ஏற்ற வலிப்பு என்று உறுதியாகி விட்டால், சும்மா காலம் கடத்துவதில் லாபம் இல்லை. சின்ன வயது மூளைக்கு மாற்றி அமைத்துக்கொள்ளும் சக்தி அதிகம். ஆனால் எந்த வயது சரி என்பதை ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

*வலிப்பு மாத்திரை கண்ணைக் கெடுக்குமா?*

பெரும்பாலானவை கெடுப்பதில்லை. கைக்குழந்தைகளுக்கு வருகிற ஒரு வகைத் துள்ளல் வலிப்புக்கு விகாபாட்ரின் என்ற மருந்து கொடுப்பதுண்டு. அது சிலருக்கு ஓரப் பார்வையைக் குறைக்கும். நல்ல மருந்துதான், பல பிள்ளைகளுக்குத் தேவையானதுதான். அதைக் கொடுக்கிறீர்கள் என்றால் கண் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள்.

*ஆபரேஷன் ஆனதும் மாத்திரையை நிறுத்திடலாமா?*

கூடாதுங்க. வலிப்பு நின்ற பிறகும் டாக்டர் சொல்கிற காலம் வரை தொடர வேண்டும். பிறகு அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

*வலிப்பு வரும்போது இரும்புச் சாவி கொடுக்கலாமா?*

வேண்டவே வேண்டாம். கையில் இரும்பு, வாயில் கரண்டி, முகத்தில் தண்ணீர் எதுவும் வேண்டாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இடிக்கிற பொருளைத் தள்ளி வையுங்கள். மணியைப் பாருங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் போனால் 108க்குப் போன் செய்யுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி.

சகோதரிகளே, கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் சந்தா, சேமிப்பு, உள்கடன் பேசி முடித்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். நம் குழுவில், நம் தெருவில், இரண்டு மருந்துக்கு மேல் சாப்பிட்டும் வலிப்பு நிற்காத பிள்ளை இருக்கிறதா என்று பேசுங்கள். இருந்தால், அந்தத் தாயோடு ஒரு உறுப்பினர் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ துணைக்குப் போவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். டாக்டர் முன்னால் தனியாக உட்கார்ந்தால் ஐந்து கேள்வியில் நாலு மறந்து போகும். கூட ஒருத்தி இருந்தால் ஐந்தையும் கேட்டு விட்டுத்தான் எழுந்திருப்போம்.